முழங்கால் கடலின் பெரியப்பா

நாத்தனார் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது சோபா அக்கா வாயில் ஆறு ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலியின் வயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் "வா" என்று சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் உடனே சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

சைக்கிள் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருந்தது அந்தப் பட்டறை. சோபா, நாற்காலி, மருத்துவமனை பெஞ்சு, முடிவெட்டும் கடையின் சுழல் இருக்கை என்று, மனிதர்கள் உட்காருகிற எதற்கும் பஞ்சு மாற்றி, மேல்துணி தைத்துக் கொடுப்பது அவள் தொழில். பன்னிரண்டு வருடமாக அதையே செய்ததில் தெரு முழுக்க அவளுக்குச் 'சோபா அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டறையில் அவளுக்குத் துணை இரண்டே பேர். துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர், வண்டியில் ஏற்றி இறக்குகிற அவள் கணவன்.

அந்தக் கணவனுக்கு ஒரே தங்கைதான் இந்த நாத்தனார். நகரத்துக் கோளரங்கத்தில் வேலை. கண்ணுக்கே தெரியாத தூரத்தில் சுற்றுகிற கோள்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் வீட்டில் அவளுக்கு இன்னும் 'பாப்பா' என்றுதான் பெயர். முப்பத்தாறு வயதுப் பாப்பா.

இரண்டு பேருக்கும் சண்டை என்று சொல்லிவிட முடியாது. சண்டையாக இருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் நாத்தனார் புதுவீட்டுக்குக் குடிபோனபோது அக்கா பார்த்துப் பார்த்து ஒரு சோபா செய்து அனுப்பினாள். இருபதாம் நாள் அது திரும்பி வந்தது. "முதுகுக்கு ஒத்துக்கல அண்ணி" என்று போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சோபாவை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. வருகிறவர்கள் உட்காரட்டும் என்று வாசலை ஒட்டிப் போட்டுவைத்தாள். உட்கார்ந்தவர்கள் "எழுந்திரிக்கவே மனசு வரல அக்கா" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

இப்போது பட்டறையில் உட்கார அந்த ஓரிடம்தான் காலியாக இருந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நின்றே பேசினாள்.

"அண்ணி, ஒரு உதவி வேணும்."

அக்கா ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள். "உங்க அண்ணன் வண்டியை எடுத்துட்டுப் போயிருக்கார். மத்தியானம் ஆகும்."

"அண்ணன்கிட்ட இல்ல. உங்ககிட்டதான்."

இது புதுசு. அக்கா நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு வெட்டுமேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நாத்தனார் கையிலிருந்த காகிதச் சுருளை அதில் விரித்தாள்.

கோளரங்கத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள். உள்ளே நுழைந்தால் வேறொரு உலகத்தின் கடலுக்குள் நிற்பதுபோல் இருக்க வேண்டும். ஆழ்கடல் இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் மட்டுமே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிற கடல். அதில் வாழக்கூடிய உயிர்களைக் கற்பனை செய்து, குழந்தைகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். முதலில் ஒப்புக்கொண்டவர் ஃபைபரில் செய்து கொண்டுவந்தார். பார்த்தால் கவிழ்த்துவைத்த வாளிகள் மாதிரி இருந்தன. தொட்டால் விரலைக் கீறின. திறப்புவிழாவுக்கு இன்னும் மூன்றே வாரம்.

"மெத்து மெத்துன்னு இருக்கணும் அண்ணி. ஆனா பொம்மை மாதிரி இருக்கக்கூடாது. உயிரோட இருக்கிற மாதிரி இருக்கணும். எனக்குத் தெரிஞ்சு இதைப் பண்ணக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அக்காவுக்கு இதைக் கேட்க இனிக்காமல் இல்லை. ஆனால் உடனே இளகிவிட்டால் நான்கு வருட வைராக்கியம் என்ன ஆவது? முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு படங்களைப் புரட்டினாள்.

"அப்படி ஒரு இடம் நெசமாவே இருக்கா?"

"இருக்கலாம். இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் போட்டது."

"சரி, அந்த ஊரைப் பத்திச் சொல்லு. யாரு, என்னன்னு தெரியாம நான் யாருக்கும் அளவெடுக்கறதில்ல."

நாத்தனார் சொன்னாள். அங்கே சூரியன் சிவப்பு, மங்கலானது. உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை, வானத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். அதனால் எப்போது பார்த்தாலும் சாயங்காலம்தான். அங்கே எல்லாவற்றுக்கும் எடை இங்கே உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. ஒன்பது நாளுக்கு ஒருமுறை பக்கத்துக் கோள் நெருங்கி வரும். அது இழுக்கிற இழுப்பில் இந்தக் கடல் அப்படியே வற்றிப் போகும். சில மணி நேரம் கழித்து மறுபடி நிறையும்.

"அப்ப தண்ணி இருக்கிற வரைக்கும் ஜம்முனு நிக்கறவன், தண்ணி போனதும் தொப்புனு உட்காருவான்."

"ஆமா."

"எழுந்திரிக்கத் தெம்பு இருக்காது, ஒன்றரை மடங்கு கனம் வேற."

"ஆமா அண்ணி. அதனாலதான் எல்லாமே குட்டையா, தட்டையா இருக்கு."

மூலையில் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் தலையைத் தூக்கி, "எல்லா நேரமும் சாயங்காலம்னா எத்தனை மணிக்குக் கடையைச் சாத்தறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தது ரொம்ப நாளைக்கு அப்புறம் அதுதான்.

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. நாத்தனார் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே பட்டறைக்கு வந்துவிட்டாள். முதல் சிக்கல் முதல் படத்திலேயே வந்தது. கறுப்பாக, பாய் மாதிரித் தட்டையாக, அடியில் வரிசை வரிசையாகக் கால்களோடு ஓர் உயிர்.

"இதுக்கு வாய் எங்க?"

"வாய் தேவையில்ல அண்ணி. செடி மாதிரி வெளிச்சத்தைச் சாப்பிட்டே வாழும். மங்கலான வெளிச்சத்தை ஒரு துளிகூட விடாம உறிஞ்சணும்னுதான் கறுப்பு."

"அப்ப இத்தனை கால் எதுக்கு? சூரியன்தான் நகரவே மாட்டேங்குதே. உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வருது. என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வசதி கிடைச்சா கால் எல்லாம் என்னைக்கோ உதிர்ந்து போயிருக்கும்."

நாத்தனார் தன் படத்தையே உற்றுப் பார்த்தாள். ஒன்பது மாதமாக அவள் வரைந்து, மூன்று விஞ்ஞானிகள் பார்த்துத் தலையாட்டிய படம் அது.

அக்கா அதற்குள் ஒரு துண்டுக் கறுப்பு வெல்வெட்டை எடுத்து ஓரத்தில் நெளிநெளியாகச் சுருக்கம் வைத்துத் தைத்திருந்தாள். "காலை எடுத்துரு. ஓரத்துல இப்படி ஒரு ஃபிரில் குடு. ஒவ்வொரு தடவை தண்ணி திரும்ப வரும்போதும் சேறு வந்து மேல படியும் இல்ல? அப்ப இந்த ஃபிரில்லை அலையலையா ஆட்டி, சேத்தை உதறிட்டு மேல வரும்." மேசைமேல் அதைப் பிடித்து நெளித்துக் காட்டினாள். துணிதான். ஆனால் மேசையில் ஊர்ந்தது.

நாத்தனார் பேனாவை எடுத்துப் பதினாறு கால்களையும் வரிசையாக அடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு முறை அமைந்தது. எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பாள் நாத்தனார். எதைச் செய்தாலும் அதைத் தைத்துப் புரட்டுகிற வழி வேண்டும் என்பாள் அக்கா. இரண்டுக்கும் ஒத்துவந்ததுதான் உயிர் பெற்றது. படத்தில் பார்க்க அழகாக இருந்த ஒன்றைத் தைத்துப் பார்த்தால் உள்பக்கத்தை வெளியே எடுக்க முடியாமல் போனது. "தானே புரள முடியாதது எப்படிக் குட்டி போடும்?" என்று அக்கா அதைத் தள்ளுபடி செய்தாள். அக்கா ஆசைப்பட்டுத் தைத்த செதில் வால் ஒன்றை, "முழங்கால் தண்ணியில நீந்தறதுக்கு இடமே இல்ல அண்ணி" என்று நாத்தனார் வெட்டிவிட்டாள். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வாலைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

பெயர் விஷயத்தில் மட்டும் நாத்தனார் தோற்றுப்போனாள். அவள் எண் போட்டு, அதற்கு முன்னால் இரண்டு எழுத்துப் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தாள். பட்டறையில் அது யார் வாயிலும் நுழையவில்லை. ஃபிரில் வைத்த கறுப்புப் பாய் 'சேறுதறி' ஆயிற்று. தண்ணீர் இருக்கும்போது விரிந்து, வற்றும்போது மடங்கிப் படுக்கிற உயரமான ஒன்று 'குடைக்காரி'. ஒரு முழ நீளத்துக்கு நடுமுதுகில் ஜிப் வைத்த புழு ஒன்று அக்காவின் சொந்தச் சரக்கு. இரை தேடும்போது ஜிப்பைத் திறந்துகொண்டு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். கிடைத்ததும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அதெப்படி அண்ணி, ரெண்டுக்கும் ஒரே மூளையா?"

"புருஷன் பொண்டாட்டி சந்தைக்குப் போனா ஆளுக்கொரு பக்கம் போய் வாங்கிட்டு வாசல்ல சந்திக்கறதில்லையா. அந்த மாதிரின்னு வெச்சுக்கோ."

நாத்தனார் யோசித்து, பூமியிலேயே துண்டாகிப் பிழைக்கிற புழுக்கள் உண்டு என்று சொல்லி, அதைச் சேர்த்துக்கொண்டாள். அதன் பெயர் 'தம்பதி'.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்று இருந்தது. வண்டிச் சக்கரம் அகலம், இடுப்புக்குக் கீழ் உயரம், சாம்பலும் ஊதாவும் கலந்த ரெக்சின், மேலே சுருக்கம் சுருக்கமாக மடிப்பு. கடல் வற்றுவதற்கு முன் வயிறு முட்டத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, வற்றிக் கிடக்கும்போது சிறிது சிறிதாகக் கசியவிடும். அந்த ஈரத்தை நம்பிச் சின்னச் சின்ன உயிர்கள் எல்லாம் அதன் காலடியில் வந்து ஒதுங்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் அக்காவின் கணவன், "நம்ம பெரியப்பா மாதிரியே இருக்காரு" என்றான். கல்யாண வீடுகளில் ஒரு நாற்காலியைப் பிடித்தால் கடைசிப் பந்தி வரை எழுந்திரிக்காமல், பிள்ளைகள் எல்லாம் மடியில் ஏறி விளையாட, அசையாமல் உட்கார்ந்திருக்கிற அவர்களுடைய பெரியப்பாவைத்தான் சொன்னான். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். தரை முழுக்க மணல் நிறத்தில் மெத்தை. சிவந்த வெளிச்சம். சுவரில் தண்ணீர் அலைகிற நிழல். கோளரங்கத்தின் இயக்குநர் அப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்க வந்தார். ஒல்லியான மனிதர். இரண்டு போன் வைத்திருப்பார். ஒன்றில் பேசும்போது இன்னொன்றைப் பார்ப்பார். நல்லவர்தான், ஆனால் அவரை முழுதாக ஓரிடத்தில் பார்த்தவர்கள் குறைவு.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கண் எங்க? சிரிப்பு எங்க? குழந்தைங்க பயந்துடும். எல்லாத்துக்கும் பெரிய பெரிய கண்ணா வெச்சிருங்க. வியாழக்கிழமை வந்து பார்க்கறேன்" என்றார்.

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். இத்தனை நாளும் எட்டுக் காரணம் சொல்லாமல் ஒரு பொத்தானைக்கூட விடாதவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாததைக் கண்டு அக்கா, "சரி சார், வெச்சிடலாம்" என்றாள். கடைக்காரியின் பழக்கம் அது. வாடிக்கையாளர் சோபா ஓரத்துக்குச் சிவப்புப் பைப்பிங் கேட்டால் சிவப்புப் பைப்பிங்தான்.

மறுநாள் காலையில் அக்கா ஒரு பெட்டி நிறையப் பொத்தான்களோடு கூடத்துக்குப் போய், வெள்ளைத் துணி வட்டத்தில் கறுப்புப் பொத்தான் வைத்து எல்லாவற்றுக்கும் கண் தைத்தாள். பெரியப்பாவுக்கு ஆறு அங்குலத்தில் இரண்டு கண்கள். சாப்பிட வெளியே போய்விட்டு வந்தால், நாத்தனார் தரையில் உட்கார்ந்து, தையல் பிரிக்கிற கத்தியால் ஒவ்வொரு கண்ணாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

"இதுங்களுக்குக் கண்ணு கிடையாது அண்ணி. நீங்க எப்படிச் சரின்னு சொல்லலாம்?"

"நீ ஏன் வேணாம்னு சொல்லல? உன் ஆபீசு, உன் மேலதிகாரி. வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"எனக்கு அவர் முன்னாடி பேச வராது. உங்களுக்கு எல்லாரையும் எதிர்த்துப் பேச வரும்னு நெனச்சேன்."

"நான் தெச்சதைப் பிரிக்கிறது உனக்கு நல்லா வரும்" என்றாள் அக்கா. குரல் உயர்ந்துவிட்டது. "நான் தெச்சது எதுதான் உனக்கு ஆகியிருக்கு? ஒரு சோபா குடுத்தேன். இருபது நாள்ல திருப்பி அனுப்பினே. அதுல என்ன குறைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

சொன்ன பிறகுதான் இதைச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"குறை சோபாவுல இல்ல அண்ணி. எனக்கு அப்போ முதுகெலும்புல ஒரு தட்டு விலகிடுச்சு. மூணு மாசம் பலகை நாற்காலியில மட்டும்தான் உட்காரணும்னு டாக்டர் சொன்னார். அந்தச் சோபாவுல உட்கார்ந்தா எழுந்திரிக்கவே முடியல, அப்படி அமுங்குது. அம்மாகிட்ட சொன்னா பெட்டியோட வந்து உட்கார்ந்துடுவாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லல. முதுகுக்கு ஒத்துக்கலன்னு மட்டும் சொன்னேன். அது நெசம்தானே."

அக்கா நான்கு வருடம் மனசுக்குள்ளேயே இந்தப் பெண்ணோடு எத்தனை வாக்குவாதம் நடத்தியிருப்பாள். அத்தனையும் வீண். அந்த மூன்று மாதமும் இவள் தனியாக ஒரு பலகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் இப்போது நெஞ்சில் நின்றது.

"லூசு" என்றாள். "சொல்லித் தொலைச்சிருந்தா உள்ள பலகை வெச்சுக் கெட்டியாத் தெச்சுக் குடுத்திருப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"இப்போ தோணுது."

"இப்போ முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. தரையில உட்கார்ந்தாதான் லேசா."

"அப்ப எழுந்திரு பாப்பா, அந்தக் கத்தியை இப்படிக் குடு" என்று அக்கா கீழே உட்கார்ந்தாள். மீதிக் கண்களை அவளே பிரித்தாள். பெரியப்பாவின் கண்கள் கழன்று வந்ததும் அவர் முகமே தெளிந்த மாதிரி இருந்தது. முகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும்.

வியாழக்கிழமை வந்தது. ஏன் கண் கூடாது என்பதற்கு நாத்தனார் மூன்று பக்கம் எழுதி, பல் தேய்க்கும்போதுகூடப் பேசிப் பேசி ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "நீ ஆரம்பி. நின்னுட்டா நான் தொடர்றேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

இயக்குநர் ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கேயோ ஒரு மேடைக்கு விரிப்பு வரவில்லை போலிருக்கிறது; அதைப் பற்றிக் கடுகடுவென்று பேசிக்கொண்டே நடந்தவர், கால் ஓய்ந்துபோய், கைக்கு எட்டிய இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தது பெரியப்பா மேல்.

பெரியப்பா பெருமூச்சு விட்டார்.

சின்னதாக இல்லை. "ஹ்ஹ்ஹ்ஹ்ம்ம்ம்" என்று, வாழ்க்கையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஒரு மனிதர் விடுகிற மாதிரி, நீளமாக, நிதானமாக, கடைசியில் லேசாக நடுங்கி முடிகிற பெருமூச்சு. இயக்குநர் துள்ளி எழுந்தார். அவர் எழுந்ததும் பெரியப்பா "ஸ்ஸ்ஸ்" என்று மெல்ல மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பழையபடி உப்பி உட்கார்ந்தார்.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. ரெக்சின் தைத்த எதற்கும் அடியில் காற்றுப் போக ஒரு பித்தளை வளையம் வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் குழந்தைகள் குதிக்கும்போது தையல் வெடித்துவிடும். பெரியப்பாவைத் தைத்த அன்றைக்கு அகலமான வளையம் தீர்ந்துபோயிருந்ததால் சின்ன வளையத்தை வைத்துவிட்டாள். கையால் அமுக்கிப் பார்த்தார்களே தவிர, யாரும் அதன்மேல் உட்கார்ந்து பார்க்கவில்லை. வேலையில் குறை வந்துவிட்டது, அதுவும் இந்த மனிதர் முன்னால்.

"சார், அது வளையம் சின்னதா..." என்று ஆரம்பித்தாள்.

இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். போனில் பேசிக்கொண்டிருந்தவரிடம் "அப்புறம் பேசறேன்" என்றார். பெரியப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, யாரும் பார்க்காத மாதிரி பாவித்துக்கொண்டு, மெதுவாக, மறுபடி உட்கார்ந்தார்.

"ஹ்ஹ்ஹ்ஹ்ம்ம்ம்."

"எதுக்கு இது மூச்சு விடுது?" என்று கேட்டார். குரலில் கூட்டத்துத் தோரணையே இல்லை.

மூன்று பக்கமும் நாத்தனாருக்கு மறந்துபோயிற்று. ஆனால் பேச வந்துவிட்டது. "கடல் வத்திடுச்சு சார். இன்னும் நாலு மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி வரும். பிடிச்சு வெச்சிருக்கிற தண்ணியை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் சுத்தி இருக்கிற சின்னதெல்லாம் இது கிட்ட வந்து ஒண்டிக்கும். அந்த மங்கல் வெளிச்சத்துல கண்ணால தேட முடியாது. அதனால யாருக்கும் கண்ணு கிடையாது. காதுதான்." அந்தக் காது விஷயத்தை அவள் அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடித்தாள் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

இயக்குநர் தலையாட்டினார். கண்ணைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போனார்.

திறப்புவிழா அன்று அக்கா பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்தாள். கட்டிங் மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, சேறுதறி பக்கத்திலேயே காவல் நின்றார். வெட்டியது அவர் அல்லவா. காலையில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அறுபது பிள்ளைகள். கதவு திறந்ததும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. சிவந்த வெளிச்சத்தில் சின்னச் சின்ன முகங்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அப்புறம் எவளோ ஒரு குட்டி மெதுவாகப் போய்ப் பெரியப்பா மேல் ஏறினாள். அவ்வளவுதான், கடல் பொங்கிவிட்டது.

தம்பதியின் ஜிப்பைத் திறந்து ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். குடைக்காரியை மடக்கிப் படுக்கவைத்துத் தாலாட்டினார்கள். பெரியப்பா மேல் ஒரே நேரத்தில் ஏழு பேர். அவர் விட்ட பெருமூச்சில் ஓர் ஆசிரியை பயந்து சுவரில் ஒட்டிக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் கூட்டத்துக்குள் நுழைந்து, இந்த உயிர்களைப் பற்றி விவரமாகப் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் குறிப்பெடுத்துவிட்டு, "மேடம், நீங்க எந்தத் துறை?" என்று கேட்டார்.

"சோபா" என்றாள் அக்கா.

அவர் அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் 'சோபா ஆராய்ச்சித் துறையின் மூத்த விஞ்ஞானி' என்று வந்தது. அக்காவின் கணவன் அதை வெட்டி வண்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊரைச் சுற்றினான்.

இரண்டு மாதத்தில் பெரியப்பாவின் ஓரத் தையல் விட்டுப்போயிற்று. அத்தனை பேர் உட்கார்ந்தால் யாருக்குத்தான் விடாது? கோளரங்கத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை பார்த்து அக்கா வளைந்த ஊசியோடு போய்க் கூடத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் கொட்டினாள். பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் எழுதியவை.

"இதைக் கேளுங்க அண்ணி. 'பெரியப்பா இருக்கிறார், பெரியம்மா எங்கே?' இப்படியே பதினொரு கடுதாசி வந்திருக்கு. என்ன பதில் எழுதறது?"

"உண்மையை எழுது."

"உண்மை என்னன்னா, இந்த இனத்துல ஆண், பெண் கிடையாது. ஒண்ணே ரெண்டாப் பிரியும்னு வெச்சிருக்கேன்."

"அப்ப ஒரு வீட்ல யார் யாரைத் திட்டுவாங்க?"

"திட்டு கிடையாது அண்ணி."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நம்பற மாதிரி இல்லையே. வேற ஏதாவது யோசி. பெரியம்மா ஆழமான தண்ணியில இருக்காங்கன்னு வெச்சுக்கோ. அங்க வேலை ஜாஸ்தி. ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான் வந்து எட்டிப் பார்க்க முடியுது."

நாத்தனார் சிரிக்கவில்லை. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரில் அலைகிற நிழலைப் பார்த்தாள். "ஆழத்துல இருந்தா வெளிச்சம் போகாது. அழுத்தம் வேற ஜாஸ்தி. ரெக்சின் தாங்காது அண்ணி."

"கூடாரத் துணி போடுவோம். ரெட்டைத் தையல். எவ்ளோ பெருசு வேணும்?"

"நாலு ஆள் நீளம் வேணும்."

"நாலு ஆள் நீளத்துக்கு என் மேசை பத்தாது" என்றாள் அக்கா. ஊசியைப் பெரியப்பாவின் தோளில் குத்திவைத்துவிட்டு எழுந்து, அளவு நாடாவின் ஒரு முனையை நாத்தனார் கையில் கொடுத்து, மறுமுனையோடு கூடத்தின் எதிர்ச் சுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.